அறுபத்து மூன்று முறை சுட்ட தோள்

அந்த ரைபிளின் முன்னால் நிற்கும் காட்டெருமையைவிடப் பின்னால் நிற்கும் மனிதனின் நிலைமைதான் மோசம் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். காட்டெருமைக்கு ஒரே ஒரு முறைதான் வலிக்கும். மனிதனுக்கு விசையை இழுக்கும்போதெல்லாம் வலிக்கும்.

ரைபிள் அர்பாபுடையது. துபாயின் அல் கூஸ் கிடங்குகளைத் தாண்டி முக்கால் மணி நேரம் பாலைவனத்துக்குள் போனால் வரும் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பும் அவருடையதுதான். முதலாளி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஊழியர்கள் அர்பாப் என்றே சொல்வார்கள். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறது என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். வருடத்துக்கு ஒரு முறை தான்சானியாவுக்குப் போய்க் காட்டெருமை வேட்டையாடுவார். அதற்கும் வருடம் முழுக்கச் செய்யும் பயிற்சிக்கும் வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்க மாட்டார். கிளப்பின் லோடிங் ரூமில், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய மூன்று லைசென்ஸ்களுக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டும். செய்பவன் கார்மேகம்.

கார்மேகம் சிவகாசிக்காரன். இருபத்தெட்டு வயது, ஐம்பத்தொரு கிலோ. இன்டர்வியூவில் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே வேலை கிடைத்துவிட்டது. சிவகாசிக்காரனுக்கு ரத்தத்திலேயே வெடிமருந்து ஓடும் என்று அர்பாபிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அவன் பட்டாசு ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் சரம் கொளுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுகிற ரகம். ஊரில் ஆறு வருடம் அவன் பார்த்த வேலை, தினசரி காலண்டருக்குத் தலையில் தகரப் பட்டி அடிப்பது. முன்னூற்று அறுபத்தைந்து தாளையும் சேர்த்து அந்தத் தகரம் கவ்வ வேண்டும். லூசாக விட்டால் சித்திரை முடிவதற்குள் மார்கழி கழன்று விழும். அழுத்தி அடித்தால் வருடமே பாதியில் கிழியும்.

தோட்டா வேலையும் கிட்டத்தட்ட அதுதான் என்று வந்த முதல் வாரமே கண்டுகொண்டான். ஒரு பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, கூட்டின் வாயில் செருகிய குண்டு. குண்டின் இடுப்பைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஒன்று ஓடும். கூட்டின் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் மயிரளவு மடக்கிக் கவ்வ வைப்பதுதான் கிரிம்ப். சின்னத் துப்பாக்கியாக இருந்தால் இதைப் பற்றி யாரும் தூக்கம் கெட மாட்டார்கள். அர்பாபின் ரைபிள் கழுதை மாதிரி உதைக்கும். அந்த உதையில், மேகசினுக்குள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் போய் மூக்கை இடித்துக்கொள்ளும். கிரிம்ப் பிடிக்காமல் இருந்தால் குண்டு கூட்டுக்குள் புதைந்துவிடும். புதைந்த தோட்டாவைச் சுட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்கு விளக்கவில்லை. லோடிங் ரூம் சுவரில் வெடித்துப் போன ஒரு ரைபிளின் போட்டோ இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகவே அர்பாப் ஒரு சட்டம் போட்டிருந்தார். கிரிம்ப் அடித்தவனே அதைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும், அதே கையால் அதேபோல் கிரிம்ப் அடித்த, ஆனால் மருந்து போடாத மூன்று டம்மித் தோட்டாக்களை நீளம் அளந்து மேகசினில் போட வேண்டும். அவற்றுக்கு மேலே நிஜத் தோட்டாவை ஒவ்வொன்றாக இட்டு மூன்று முறை சுட வேண்டும். பிறகு டம்மிகளை எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நீளம் குறையவில்லை என்றால் பெட்டி பாஸ். சமைத்தவன் முதலில் சாப்பிட வேண்டும் என்பது அர்பாபின் வாதம்.

ரிஜிஸ்டர்படி இந்த இரண்டு வருடத்தில் கார்மேகம் இருபத்தொரு பெட்டிகளைச் சோதித்திருந்தான். அதாவது அந்த ரைபிளை அறுபத்து மூன்று முறை சுட்டிருந்தான்.

உண்மையில் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. சுட்டதெல்லாம் செய்கு அலாவுதீன். ரேஞ்சில் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடும் காயல்பட்டினத்துக்காரர், தொண்ணூற்றெட்டு கிலோ, அண்ணனைக் கூப்பிடும் அவர் ஊர் வழக்கப்படி கார்மேகம் அவரைக் காக்கா என்று கூப்பிடுவான். இருவரும் கராமாவில் ஒரே பேச்சிலர் ரூம். ஆறு பேருக்கும் முறை வைத்துச் சமையல். காக்காவின் முறை வரும்போதெல்லாம் கார்மேகம் சமைப்பான். கார்மேகத்தின் முறை வரும்போதெல்லாம் காக்கா சுடுவார். இரண்டு பக்கமும் நஷ்டம் இல்லாத ஏற்பாடு.

இது தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் பத்மநாபன். கிளப்பின் சேஃப்டி ஆபீசர், குரோம்பேட்டைக்காரர், கராமாவிலேயே மனைவி நளினியோடு குடியிருப்பவர். டம்மிகளை அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. ஆனால் சுடுகிற நேரம் மட்டும் அவர் ரேஞ்ச் பக்கம் வருவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். சேஃப்டி என்பது தன்னிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

*

புதன்கிழமை ஆயுத பூஜை. பத்மநாபன் நெற்றியில் விபூதியும் கையில் சந்தனக் கிண்ணமுமாக லோடிங் ரூமுக்குள் நுழைந்தார். கூடவே நளினி கொடுத்தனுப்பிய சுண்டல் டப்பா. கற்பூரத்துக்குப் பதிலாக பேட்டரி விளக்கு. ‘நெருப்புக்கு அனுமதி இல்லை’ என்று ஐந்து மொழிகளில் போர்டு எழுதி மாட்டியவரே அவர்தான்.

“சார், போன வருசம் மாதிரி மெசின் பூராம் பொட்டு வச்சிராதீங்க. அப்புறம் நாந்தான் சுரண்டணும்” என்றான் கார்மேகம்.

“ஊர்ல அவனவன் மிக்சிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆயுத பூஜை போடறான். நெஜமான ஆயுதத்துக்குப் போடறது நம்ம ரெண்டு பேர்தான்ப்பா. இங்க பொட்டு வைக்காம வேற எங்க வைக்கறது?”

கிரிம்ப் அடிக்கும் பிரஸ்ஸின் நெற்றியில் ஒன்று, தராசுக்கு ஒன்று, ரைபிள் அலமாரிக்கு மூன்று என்று பொட்டுகள் ஏறின. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிரஸ்ஸிலேயே வைத்து அழுத்திப் பிழிந்தார். நீளம் அளக்கும் வெர்னியரை அதன் பெட்டியோடு சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“பூஜைல வெச்சதை நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். ஒண்ணத்தையும் தொடாதே.”

“சரி சார்.”

“சரி சார்னு சொல்லிட்டுப் போன வருஷம் நான் வேன் ஏறுறதுக்குள்ள எல்லாப் பொட்டையும் துடைச்சிட்டே. இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு, உன் கண்ணுல படாத இடத்துல வெச்சிருக்கேன். முடிஞ்சா கண்டுபிடி.”

அவர் போனதும் கார்மேகம் பிரஸ்ஸின் அடியில் படுத்துப் பார்த்தான். மேசைக்குக் கீழே டார்ச் அடித்தான். நாற்காலியைக்கூடக் கவிழ்த்தான். கிடைக்கவில்லை. பந்தயத்தில் தோற்ற கடுப்பில் சுண்டலை முழுதாகத் தின்றுவிட்டுப் போனான்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அர்பாபின் வெள்ளை லேண்ட் குரூஸர் வந்து நின்றது.

மறுநாள் விடியலில் அவருக்குத் தான்சானியா விமானம். வேட்டைக்கு ஒரு பெட்டியில் நாற்பது தோட்டாக்களும், சோதனையில் சுடத் தனியாகச் சிலவும் தயாராக இருந்தன. சோதனை மட்டும்தான் பாக்கி. அர்பாப் ரிஜிஸ்டரைப் புரட்டினார். கூட்டிப் பார்த்தார். கார்மேகத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்புறம் காலிலிருந்து தலைவரை பார்த்தார்.

“திர்சட் பார்?” என்றார் இந்தியில். அறுபத்து மூன்று முறையா?

“ஜீ அர்பாப்” என்றான் கார்மேகம்.

“மாஷா அல்லாஹ். ஆஜ் ஹம் தேகேகா.” இன்று நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த ஃபைலைத் திறந்து காட்டினார். கார்மேகத்தின் விசா புதுப்பிக்கும் விண்ணப்பம் மேலேயே இருந்தது. விசா முடிய இன்னும் எட்டு நாள். கையெழுத்து இடம் காலி. அர்பாப் பேனாவை அதன்மேல் வைத்து ஃபைலை மூடினார். டம்மி ஒன்று நகர்ந்தாலும் நீயும் ஊருக்கு நகரலாம் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது.

ரேஞ்சுக்கு நடக்கும்போது கார்மேகம் காக்காவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

“காக்கா, தோள் வலின்னு சொல்லிரவா?”

“அறுவத்து மூணு தடவ சுட்டவனுக்குத் தோள் வலிக்குமாப்பா? சொன்னா ரெண்டு பேரும் சேந்து ஊருக்குப் போவோம்.”

“நான் டிவியிலகூட இந்தப் பக்கம் நின்னு பாத்ததில்ல காக்கா.”

“கட்டைய தோள்ல நல்லா இறுக்கி வையி. இடைவெளி மட்டும் விட்ராதே. விட்டியோ, எலும்பு இங்கயே நின்னுக்கிரும், நீ மட்டும் கராமாவுக்கு வருவே.”

யாருக்கும் ஆறுதல் சொல்லும் பழக்கம் காக்காவுக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அர்பாபின் உத்தரவுப்படி பத்மநாபனும் வந்தாக வேண்டியிருந்தது. வெர்னியர் பெட்டியைச் சாமி படத்தின் முன்னாலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மார்போடு அணைத்தபடி வந்தார். ரேஞ்ச் மேசையில் வைத்து மூன்று டம்மிகளையும் அளந்து எழுதினார். அவர் சத்தமாகப் படித்த எண்களைக் கார்மேகம் கேட்கவில்லை. பயத்தில் அவன் காதுக் கவசத்தை முன்கூட்டியே மாட்டியிருந்தான்.

டம்மிகள் மேகசினுக்குள் போயின. மேலே ஒரு நிஜத் தோட்டா. கார்மேகம் கட்டையை இறுக்கி வைத்தான். காலண்டர்களில் அவன் தகரம் அடித்த எல்லாத் தெய்வங்களும் வரிசையாக வந்து போனார்கள். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

உலகம் அவனை ஒரு முறை தள்ளிவிட்டுத் திரும்பி வந்து மன்னிப்பும் கேட்காமல் நின்றது. வானம் எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தது. வலது தோள் இருந்த இடத்தில் ஒரு வெப்பமான செய்தி மட்டும் இருந்தது. மண்மேட்டில் எங்கோ தூசி எழும்பியது. குறி வைத்த மேடு அது இல்லை.

“ஷாபாஷ்” என்றார் அர்பாப், முகத்தில் எதுவும் காட்டாமல்.

இரண்டாவது முறை மூச்சு போனது. மூன்றாவது முறை சுட்டபோது, இப்படி அறுபத்து மூன்று முறை உதை வாங்கிய காக்காவுக்கு இனி தினமும் பிரியாணி செய்து போட்டாலும் தகும் என்று தோன்றியது.

பத்மநாபன் விரலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மேசைக்கு வந்தார். வெர்னியர் மேல் மணல் படிந்திருந்தது. அதன் வாயைத் திறந்து, இரண்டு தாடைகளையும் சட்டைப் பாக்கெட்டின் மேல் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு அளந்தார். முதல் டம்மி. இரண்டாவது. மூன்றாவது. முகம் வெளுத்தது.

“குறைஞ்சிருக்குப்பா” என்றார். “மூணும் குறைஞ்சிருக்கு. பாயின்ட் மூணு மில்லிமீட்டர்.”

அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முகம் எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் பேனாவை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கார்மேகத்துக்குத் தோள் வலி மறந்துபோனது. “மூணும் ஒரே அளவா குறைஞ்சிருக்கு?”

“ஒரே அளவு. பாயின்ட் மூணு, பாயின்ட் மூணு, பாயின்ட் மூணு.”

“அதெப்படி சார்? பட்டி லூசா இருந்தா ஒரு தாளு கொஞ்சம் வரும், ஒரு தாளு நெறையா வரும், ஒரு தாளு வரவே வராது. மூணும் பேசி வச்ச மாதிரி ஒண்ணா வராது.”

“தாளா? என்ன தாளு?”

“அத விடுங்க. மொதல்ல எவ்வளவு இருந்துச்சு?”

“எண்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு. இப்போ எண்பத்து நாலு புள்ளி எட்டு.”

“நான் செட் பண்ணதே எம்பத்து நாலு புள்ளி எட்டுதான சார்! எம்பத்தஞ்சு எங்கிட்டு இருந்து வந்துச்சு?”

பத்மநாபன் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில்தான் கார்மேகத்தின் கண் அவர் சட்டைப் பாக்கெட்டில் போய் நின்றது. வெள்ளைச் சட்டையில் புதிதாக ஒரு மஞ்சள் கோடு. அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

“சார்,” என்றான் மெதுவாக, அர்பாப் பார்க்கிறார் என்பதால் பற்களைக் காட்டிச் சிரித்தபடி, “கண்ணுல படாத எடம்னு சொன்னீங்களே. அது வெர்னியர் வாய்க்குள்ளயா?”

பத்மநாபனும் சிரித்தார். அர்பாப் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா. “மெல்லப் பேசுப்பா. வேலை போயிடும்.”

“யாரு வேல சார்? உங்க வேலயா, என் வேலயா?”

“ரெண்டும்தான். சந்தனம் இத்தனை கெட்டியா காயும்னு எனக்கென்ன தெரியும்?”

“பொட்டோட சேத்து அளந்துட்டு, பொட்டத் தொடச்சிட்டு அளந்தா, குறையாம கூடவா செய்யும்?”

“க்யா போல்தா ஹை?” என்று அர்பாப் காக்காவைக் கேட்டார். என்ன சொல்கிறார்கள்?

“ஒண்ணுமில்ல அர்பாப்” என்றார் காக்கா சுத்தமான இந்தியில். “ஒருத்தர் வேலையை ஒருத்தர் பாராட்டிக்கொள்கிறார்கள்.”

அர்பாப் எழுந்து வந்தார். பத்மநாபனின் எதிரில் நின்று, லேசாகக் குனிந்து, பாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தார். மூன்று தலைமுறையாக அகில் புகையும் அத்தரும் புழங்கும் வீட்டு மூக்கு அது. அதனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

“ஸந்தல்” என்றார். இன்னொரு முறை இழுத்தார். “மைசூர்?”

“நோ அர்பாப். கராமா” என்றார் பத்மநாபன்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. “எஸ்டர்டே பூஜா அர்பாப். டூல்ஸ் டே. ஆல் டூல்ஸ் ஹாப்பி டே” என்று பத்மநாபன் விளக்கினார். கார்மேகம் வெர்னியரை மூடித் திறந்து காட்டினான். காக்கா இந்த முறை உள்ளபடியே மொழிபெயர்த்தார். அவருக்கே அது புது அனுபவமாக இருந்தது.

அர்பாப் சிரிக்கவில்லை. யோசித்தார். முதலில் அளந்த அளவு கலாஸ், செல்லாது. முதல் அளவு செல்லாது என்றால் சோதனையும் செல்லாது. மறுபடி அளந்து மறுபடி மூன்று முறை சுட வேண்டும்.

கார்மேகம் ரைபிளை எடுக்கக் கை நீட்டினான். கை இடுப்புவரைதான் வந்தது.

“இவன் வேண்டாம்” என்றார் அர்பாப். “ஜிஸ்னே நாபா, வஹி மாரேகா.”

அளந்தவனே சுடட்டும்.

“அர்பாப், ஐ ஆம் சேஃப்டி ஆபீசர்!” என்றார் பத்மநாபன்.

“அதான் சார், சேஃப்டியா சுடுங்க” என்றார் காக்கா.

டம்மிகளைக் கார்மேகம் அளந்தான். எண்பத்து நாலு புள்ளி எட்டு, மூன்றும். பத்மநாபனை இரண்டு பேர் சேர்ந்து நிற்க வைத்தார்கள். காதுக் கவசம் மாட்டினார்கள். பின்னால் காக்கா சுவர் மாதிரி நின்றுகொண்டார். கார்மேகம் அவர் தோளில் கட்டையைச் சரியாகப் பொருத்திவிட்டு, அறுபத்தாறு முறை சுட்டவனின் பொறுமையோடு சொன்னான்:

“நல்லா இறுக்கி வைங்க சார். இடைவெளி விட்டா எலும்பு கராமாவுக்கு வராது.”

“நளினிக்கு போன் பண்ணணும்ப்பா” என்றார் பத்மநாபன்.

“சுட்டுட்டுப் பண்ணலாம் சார்.”

மூன்று வெடிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பத்மநாபன் சொன்ன ஸ்லோகம் நீண்டுகொண்டே போனது. மூன்றாவதற்கு முன்னால் ஏழு நிமிடம் ஆனது. அர்பாப் பொறுமையாகப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

கார்மேகம் வெர்னியரைத் துடைத்து, மூடி, சைபர் காட்டுகிறதா என்று பார்த்து, அர்பாபின் கண்ணெதிரிலேயே அளந்தான். எண்பத்து நாலு புள்ளி எட்டு. எண்பத்து நாலு புள்ளி எட்டு. எண்பத்து நாலு புள்ளி எட்டு. ஆறு உதைக்கும் டம்மிகள் மயிரளவு நகரவில்லை. நகர்ந்தது பத்மநாபன் மட்டும்தான். காக்காவையும் சேர்த்துக்கொண்டு ஒன்றரை அடி.

அர்பாப் டம்மி ஒன்றை வாங்கி, கூட்டின் விளிம்பு குண்டின் பள்ளத்தைக் கவ்வியிருக்கும் இடத்தை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். “பஹூத் அச்சா” என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து விசாத் தாளில் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் ரிஜிஸ்டரைத் திறந்து, கார்மேகம் என்ற பெயருக்கு எதிரே இருந்த அறுபத்து மூன்றை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினார்.

கார்மேகம் தரையைப் பார்த்தான். காக்கா வானத்தைப் பார்த்தார்.

“ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு அது முதல் முறை” என்று அர்பாப் காக்காவைப் பார்த்து இந்தியில் சொன்னார். “அடுத்த பெட்டியிலிருந்து இவனே சுடுவான். நீ வேறு ஏதாவது வேலை கற்றுக்கொள்.” நாற்பது தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

வேனில் திரும்பும்போது பத்மநாபன் இடது கையால் போனைப் பிடித்திருந்தார்.

“ஒண்ணும் இல்ல நளினி. கொஞ்சம் தோள்ல... இல்ல, விழல. ஆயுதத்துக்குப் பொட்டு வெச்சேன் இல்லையா, அது திருப்பி ஆசீர்வாதம் பண்ணிடுத்து. ஆமா. நேர்லயே.”

பின் இருக்கையில் காக்கா கார்மேகத்தின் பக்கம் சாய்ந்தார். “இன்னிக்கு ராத்திரி சமையல் யாரு முறை?”

“உங்க முறைதான் காக்கா.”

“அதான் வழக்கம்போல நீ...”

கார்மேகம் வலது கையைத் தூக்கிக் காட்ட முயன்றான். அது மடியிலேயே கிடந்தது. காக்கா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சோத்துக்குத் தண்ணி எவ்வளவுப்பா வைக்கணும்?”